தோள் மடிப்பு

முயல் ஆண்டு, இரண்டாம் மாதம், மூன்றாம் நாள்
சிச்சிபு மலையூர்

தம்பி கன்ரோகுவுக்கு, உன் அக்கா ரிகு எழுதுவது.

இங்கே பனி இன்னும் கூரையைவிட்டு இறங்கவில்லை. உன் அத்தானுக்கு முழங்கால் வலி. மற்றபடி அவருடைய வாய் உட்பட எல்லா உறுப்பும் நன்றாகவே வேலை செய்கிறது. நீயும் ஷிகேவும் என் கடைக்குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? சயோவை உங்களுக்குத் தத்துக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இருந்தாலும் கடைக்குட்டி என்றுதான் எழுத வருகிறது. உன் பெண்டாட்டி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பட்டு வியாபாரி கிஹெய் வழக்கம்போல் எடோ நகரத்துக்கு வருகிறான். அவனிடம் சயோவுக்கு ஒரு கிமோனோ கொடுத்தனுப்பியிருக்கிறேன். தோளில் பெரிய மடிப்பாக வைத்துத் தைத்திருக்கிறேன். அவள் வளர வளர விரற்கடை விரற்கடையாகப் பிரித்துவிடச் சொல். முதல் விரற்கடையைக் கோடையிலேயே பிரிக்க வேண்டியிருக்கும். ஷிகே பிரிக்கட்டும். தூரிகை பிடிக்கிற கையால் நீ ஊசியைத் தொட்டுவிடாதே.

இந்த வருஷம் அவளுக்கு ஏழு. பதினோராம் மாதம் பதினைந்தாம் நாள் அவள் கிமோனோக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, பெரியவர்கள்போல் இடுப்பில் முதல் கச்சை கட்டவேண்டும். அந்தக் கச்சையை நான்தான் நெய்வேன். நானே கொண்டுவந்து கட்டிவிடுவேன். அத்தானிடம் சொல்லிவிட்டேன். "மூணு நாள் நடக்கணும், உன் காலு தாங்குமா?" என்றார். "உங்க வாயையே இருபது வருஷம் தாங்கியிருக்கேன், காலு தாங்காதா?" என்றேன்.

மேல்வீட்டுக் குழந்தைக்கு அம்மை போட்டது. நீ வரைந்த சிவப்புப் படத்தைத்தான் தலைமாட்டில் மாட்டினார்கள், அந்தச் சிவப்பு ஆந்தையும் குண்டுப் பொம்மையும் இருக்குமே, அது. அம்மைத் தெய்வத்துக்கு உன் ஆந்தை பிடித்துவிட்டதுபோல. பன்னிரண்டாம் நாள் மூங்கில் இலை போட்ட வெந்நீரில் தலைக்குத் தண்ணீர் விட்டார்கள். படத்தை ஆற்றில் விட்டார்கள். "என் தம்பி கைப் படமாச்சே, பத்திரமா வெச்சுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "நல்லாயிருக்கே! படம் வீட்ல இருந்தா நோவும் அது கூடவே உக்காந்துக்கும்" என்றாள் குழந்தையின் அம்மா. நம் ஆறுதானே கீழே வந்து உன் அசகுசாவைத் தொடுகிறது. பாலத்தில் நின்று பார். உன் ஆந்தை உன்னிடமே வந்தாலும் வரும்.

விரல்களைக் கணப்பில் காட்டிச் சூடேற்றிக்கொண்டு வரை. பதில் எழுது.

ரிகு


இரண்டாம் மாதம், இருபத்தைந்தாம் நாள்
எடோ, அசகுசா

அக்காவுக்கு, கன்ரோகுவின் வணக்கம்.

பிளம் பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. நாங்கள் மூவரும் சுகம். அத்தானின் முழங்காலுக்கு மருந்துக் களிம்பு கிஹெயிடம் கொடுத்திருக்கிறேன். வாய்க்கு மருந்து எடோவிலும் கிடைக்கவில்லை.

கிமோனோ வந்த நாளிலிருந்து சயோ அதைக் கழற்ற மறுக்கிறாள். தூங்கினபிறகுதான் ஷிகே உருவி எடுக்கிறாள். என்னை இன்னும் மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். "என்னையாவது அம்மான்னு கூப்பிடுடி" என்று ஷிகே கேட்டாள். "அம்மா மலையில இருக்காங்க. நீங்க சமைக்கிற அம்மா" என்று பதில் வந்தது. ஷிகே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். ஆனால் அன்றைக்குச் சயோவுக்குப் பிடித்த அரிசி மாவுருண்டை செய்தாள்.

பதிப்பாளர் தோபெய் பெரிய வேலை ஒன்று கொடுத்திருக்கிறார். மாதத்துக்கு ஒன்றாகப் பிள்ளைகள் விளையாடுகிற பன்னிரண்டு படங்கள். எல்லாவற்றிலும் சயோவைத்தான் வரைகிறேன். மூன்று முடிந்துவிட்டன, கிஹெயிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். முதல் படத்தில் நீ தைத்த கிமோனோவோடு நூல்பந்து தட்டுகிறாள். அவளை ஓரிடத்தில் உட்கார வைப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிடுகிறது.

படத்தைச் செதுக்குகிறவரிடம் கொண்டுபோனபோது அவளும் வந்தாள். ஜின்பாச்சி என் தாளைச் செர்ரிப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, தாளோடு சேர்த்துச் செதுக்க ஆரம்பித்தார். பலகை மிஞ்சும், தாள் மிஞ்சாது என்பது உனக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? "மாமா! இந்தத் தாத்தா என் மூக்க வெட்டிட்டாரு!" என்று கடையே அதிரக் கத்தினாள். "அழாத புள்ள. ஒரு மூக்கு போனா ஆயிரம் மூக்கு வரும்" என்றார் ஜின்பாச்சி. அச்சான தாள்கள் வந்ததும் உட்கார்ந்து மூக்குகளை எண்ணினாள். நாற்பதுக்குமேல் எண்ணத் தெரியவில்லை.

இந்தப் பக்கம் அம்மை பரவுகிறது. சிவப்புப் படங்களுக்குத்தான் ஓயாமல் ஆள் வருகிறது. எங்கள் தெருவில் இன்னும் இல்லை. நாளை அக்கரையில் ஒரு மர வியாபாரி வீட்டுக்குப் போகிறேன். அவர் மகன் அம்மையில் படுத்திருக்கிறான். படத்தில் பந்து தட்டுகிற பெண்ணை நேரில் பார்க்கவேண்டும் என்று அடம் பிடிக்கிறானாம். சயோ தாழ்வாரத்தில் நின்று கையசைத்தால் போதும் என்றார்கள். படகு என்றதும் அவள் இன்றைக்கே செருப்பை எடுத்து வாசலில் வைத்துவிட்டாள்.

கச்சையைப் பற்றிச் சொன்னேன். "அம்மா நெஜமா வருவாங்களா? எத்தன தூக்கம் தூங்கணும்?" என்று கேட்கிறாள். நாற்பதைவிட அதிகம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

கன்ரோகு


மூன்றாம் மாதம், பத்தொன்பதாம் நாள்
(இந்தக் கடிதம் அப்போது அனுப்பப்படவில்லை)

அக்கா,

சயோ இறந்துவிட்டாள். நேற்று முன்தினம் காலையில். அம்மை போட்ட ஒன்பதாம் நாள்.

கூட்டிக்கொண்டு போனது நான்தான். தாழ்வாரத்தில் நிற்கச் சொன்னேன். அவள் உள்ளே ஓடிப்போய் அந்தப் பையனிடம் பந்தைக் கொடுத்தாள். அவன் கொஞ்ச நேரம் விளையாடிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். படகில் வரும்போது அந்தப் பந்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அவன் பிழைத்துவிட்டான். தலைக்குத் தண்ணீர் விட்டு என் படத்தை ஆற்றில் விட்டுவிட்டதாக ஆள் வந்து சொன்னான். ஒரு கூடை மீன் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. நேற்று இரண்டு சிவப்புப் படம் வரைந்தேன். கோடு எப்போதும்போல் சுத்தமாக வந்தது. ஷிகே என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கிஹெய் நாளைக்கு வருவான். இதை அவனிடம்


நான்காம் மாதம், ஐந்தாம் நாள்
சிச்சிபு மலையூர்

தம்பிக்கு, அக்கா எழுதுவது.

எல்லாரும் சுகமா என்று கேட்கத்தான் வேண்டும், ஏனென்றால் போன மாதம் நீ ஒரு வரிகூட எழுதவில்லை. கிஹெயைக் கேட்டேன். "வாசல்லயே நின்னு பேசி அனுப்பிட்டாருங்க. வேலை நெறைய, அடுத்த தடவ எழுதறேன்னாரு" என்றான். "புள்ளையப் பாத்தியா?" என்றேன். "தூங்குதுன்னாருங்க" என்றான். நடுப்பகலில் தூங்குகிற பிள்ளையா அவள்? என் வீட்டில் இருந்தபோது என்னையே தூங்கவிட்டதில்லை.

இங்கே பட்டுப்புழு இரண்டாம் தோல் உரித்துவிட்டது. மூத்தவளும் நடுவளும் இலை பறிக்கப் போனால் நானும் தறியும்தான். கச்சைக்குப் பாவு ஓட்டிவிட்டேன். கத்தரிப்பூ நிறம், நடுவில் வெள்ளையாக அம்பின் இறகுக் கோலம். அத்தான் வந்து பார்த்தார். "ஏழு வயசுப் புள்ளைக்கு இவ்வளவு வேலப்பாடா? மூத்ததுங்க ரெண்டுக்கும் பழசத்தானே கட்டினே?" என்றார். அதனால்தான் என்று சொன்னேன். தத்துக் கொடுத்துவிட்ட பிள்ளைக்கு வேறு என்ன செய்வேன்? அவள் போன அன்றைக்குத் திரும்பிப் பார்த்தாளா இல்லையா என்று இன்னும் எனக்குள் சண்டை நடக்கிறது. அத்தான் பார்த்தாள் என்கிறார். நான் பார்க்கவில்லை என்கிறேன்.

அவளுக்கு முன்பல் ஆடுகிறதா? கீழ்ப்பல் விழுந்தால் கூரைமேல் எறியச் சொல்.

எடோவில் அம்மை மோசமாக இருப்பதாகக் கேள்வி. உன் வீட்டிலும் ஒரு சிவப்புப் படம் மாட்டி வை. ஊருக்கெல்லாம் வரைகிறவன் தன் வீட்டுச் சுவரை மறந்துவிடப்போகிறாய்.

ரிகு


நான்காம் மாதம், இருபத்தெட்டாம் நாள்
எடோ, அசகுசா

அக்காவுக்கு வணக்கம்.

மழை தொடங்கிவிட்டது. தாள் ஈரம் குடித்து நீள்கிறது, அதனால் அச்சில் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. அச்சடிக்கிறவர் என்னைத் திட்டுகிறார், நான் மழையைத் திட்டுகிறேன். சிவப்புச் சாயம் கடைகளில் தீர்ந்துவிட்டது.

வீட்டில் இருக்கிறோம். நீ சொன்னபடி சிவப்புப் படம் மாட்டியிருக்கிறது.

நான்காம் மாதப் படமும் ஐந்தாம் மாதப் படமும் இத்துடன் உள்ளன. அத்தானின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்.

கன்ரோகு


ஆறாம் மாதம், இரண்டாம் நாள்
சிச்சிபு மலையூர்

தம்பிக்கு, அக்கா எழுதுவது.

இங்கே வெயில் கொளுத்துகிறது, எல்லாரும் நலமாக வேர்த்துக்கொண்டிருக்கிறோம். உன் படங்கள் வந்து ஊரே எங்கள் வீட்டில்தான். நடுவள் ஒன்றைத் தன் பெட்டிக்குள் ஒளித்துவைத்துவிட்டாள், மூத்தவள் அவளோடு பேசுவதில்லை. அத்தான் ஐந்தாம் மாதப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். "பாத்தியா, சிரிப்பு அப்படியே என்னோடது" என்றார். அவருடைய சிரிப்பு யாருக்கும் வராமல் இருக்கவேண்டும் என்று நான் கோயிலில் வேண்டிக்கொண்டது வீண்.

உன்னை ஒன்று கேலி செய்யவேண்டும். ஐந்தாம் மாதப் படத்திலும் தோள் மடிப்பு நான் தைத்த இடத்திலேயே இருக்கிறது. உடம்பு வளர்ந்தால் மடிப்புத் தோளைவிட்டு மேலே ஏறி நிற்கும், பிரிக்கச் சொல்லிக் கெஞ்சும். நீ முதல் மாதப் படத்தைப் பார்த்து அப்படியே போட்டுவிட்டாய். ஆண்பிள்ளைக்குத் தையல் எங்கே தெரியப்போகிறது? கோடை வந்துவிட்டது, ஒரு விரற்கடை பிரிக்கச் சொல் ஷிகேவை.

கச்சை பாதிக்குமேல் வந்துவிட்டது. கச்சை நீளத்தை உயரத்தை வைத்துத்தான் முடிவு செய்வேன், அதனால் எனக்கு அவளுடைய அளவு வேண்டும். அவளைச் சுவரோடு நிறுத்தி, பின்னங்கழுத்திலிருந்து குதிகால் வரை ஒரு நூலை வைத்து வெட்டி அனுப்பு. கூடவே உன் கையால் வரைந்த படம் ஒன்றும் வேண்டும். அச்சடித்தது வேண்டாம். ஆயிரம் வீட்டில் இருக்கிற மூக்கு எனக்கு வேண்டாம். மை தொட்டு நீ வரைந்த ஒன்று போதும், அவள் தூங்குவதாக இருந்தாலும் சரி. இப்போதுதான் பகலில் தூங்குகிறாளாமே.

அவளுக்கு எழுத்துத் தெரியுமே, ஏன் ஒரு வரி எழுதக்கூடாது?

ரிகு


ஏழாம் மாதம், இருபதாம் நாள்
எடோ, அசகுசா

அக்காவுக்கு வணக்கம்.

வெயில் குறையவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ கேட்ட நூல் இத்துடன் உள்ளது.

கையால் வரைந்த தாள் எதுவும் என்னிடம் இல்லை. எல்லாம் பலகையோடு போய்விட்டது. வரைவதே அதற்காகத்தான் என்பதால் நான் எதையும் எடுத்து வைத்துக்கொண்டதில்லை. முதல் படத்தின் தாளையாவது வைத்திருக்கலாம் என்று ஜின்பாச்சியிடம் சொன்னேன். "வெச்சிருந்தா பலகைக்கு எங்க போறது? இன்னொண்ணு வரைஞ்சா போச்சு" என்றார்.

ஆறாம் மாதமும் ஏழாம் மாதமும் அனுப்பியிருக்கிறேன். தோபெய்க்கு இந்தப் படங்கள் பிடிக்கவில்லை. "வேற புள்ளைய உக்கார வெச்சு வரையுமய்யா. நாலு மாசமா ஒரே மூஞ்சி" என்கிறார். இந்த முகம் போதும் என்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

காலையில் மை அரைக்கிறேன். வரைகிறேன். சோறு வைத்தால் சாப்பிடுகிறேன். நாட்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

கன்ரோகு


எட்டாம் மாதம், பதினாறாம் நாள்
சிச்சிபு மலையூர்

தம்பிக்கு.

நேற்று முழுநிலாப் பூசை. கஷ்கொட்டையும் மாவுருண்டையும் படைத்தோம். இங்கே எல்லாருக்கும் சுகம்.

உன் நூலைத் தறிமேல் விரித்தேன். பிறகு இரண்டாம் மாதம் அந்தக் கிமோனோவைத் தைக்கும்போது நான் முடிச்சுப் போட்டு வைத்திருந்த அளவுநூலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒன்று. ஒரு நெல்மணி அளவுகூடக் கூடவில்லை.

கன்ரோகு, நீ பிள்ளையை அளக்கவில்லை. நான் தைத்த துணியை அளந்திருக்கிறாய். மடித்து வைத்த துணியை, மடிப்போடு.

உன் படங்கள் எல்லாவற்றையும் எடுத்து வரிசையாகத் தரையில் வைத்தேன். முதல் மூன்றில் அவள் ஒவ்வொன்றிலும் வேறு மாதிரி இருக்கிறாள். ஒன்றில் காலுறை நழுவியிருக்கிறது. ஒன்றில் நாக்கைக் கடித்திருக்கிறாள். நான்காம் மாதத்திலிருந்து அவள் பந்தை வைத்துவிட்டுப் பட்டத்தை எடுக்கிறாள், பட்டத்தை வைத்துவிட்டு விசிறியை எடுக்கிறாள், கையில் இருப்பது மட்டும் மாறுகிறது. பல் விழவில்லை. மடிப்பு ஏறவில்லை.

உன் கடிதங்களையும் எடுத்து வைத்தேன். இரண்டாம் மாதக் கடிதத்தில் அவள் பெயரை எழுதியிருக்கிறாய். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட எழுதவில்லை.

கிஹெயை உட்கார வைத்துக் கேட்டேன். "நான் புள்ளையப் பாத்து ஆறு மாசம் இருக்குங்க. அவங்க சொல்லாததை நான் எப்படிக் கேக்கறது?" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. நீ எழுதினபிறகு சொல்கிறேன்.

எந்த நாள்?

ரிகு


ஒன்பதாம் மாதம், நான்காம் நாள்
எடோ, அசகுசா

அக்கா,

மூன்றாம் மாதம் பதினேழாம் நாள். காலையில், வெயில் வந்தபிறகு. அம்மை.

அப்போதே எழுதிய கடிதம் ஒன்று முடியாமல் கிடக்கிறது, அதையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நான் எப்படி அவளைக் கூட்டிப்போனேன் என்பது அதில் இருக்கிறது. திரும்ப எழுதக் கை வரவில்லை.

அதை எழுதின மறுநாள் கிஹெய் வாசலில் வந்து நின்று, "பொண்ணு எங்கங்க, மலையிலேருந்து காஞ்ச கஷ்கொட்டை கொண்டாந்திருக்கேன்" என்றான். தூங்குகிறாள் என்று என் வாய் சொல்லிவிட்டது. சொன்னபிறகு அதைத் திருப்பி எடுக்க வழி தெரியவில்லை. அடுத்த மாதம் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த மாதம் நீ பாவு ஓட்டிவிட்டதாக எழுதினாய். அதற்கு அடுத்த மாதம் பாதி நெய்துவிட்டாய்.

நோவில் கிடந்தபோது சிவப்புத் துணிதான் உடுத்தினோம். போகும்போது வெள்ளை உடுத்தினோம். நீ தைத்தது பெட்டியில் இருந்தது. உன் கடிதம் வந்ததும் அதைத் தரையில் விரித்து நூலை வைத்து வெட்டினேன். மடிப்பைப் பிரித்து அளந்திருந்தால் நீ கண்டுபிடித்திருக்கமாட்டாய். அது எனக்குத் தோன்றவே இல்லை. மடிப்போடு இருந்ததுதான் அவள் என்று இருந்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஏழாம் மாதம் இறந்தவர்கள் வீட்டுக்கு வருகிற நாட்களில், வாசலில் வெள்ளை விளக்குக் கட்டச் சொன்னாள் ஷிகே. அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் கட்டுவதுதானே. கிஹெய் வருகிற நேரம், பார்த்துவிடுவான் என்று நான் கட்டவிடவில்லை. "அப்ப புள்ள எந்த வெளக்கப் பாத்து வீட்டுக்கு வரும்?" என்று கேட்டாள். மூன்று நாளும் தெருவெல்லாம் விளக்கு எரிந்தது, எங்கள் வாசல் இருட்டு. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

அவள் தலைமாட்டில் மாட்டிய சிவப்புப் படம் இன்னும் சுவரில் இருக்கிறது. தலைக்குத் தண்ணீர் விட்டிருந்தால் ஆற்றில் விட்டிருக்கலாம். விடவில்லை, அதனால் எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. நான்தான் வரைந்தேன். மற்றப் பிள்ளைகளுக்கு வரைந்ததைவிட ஆந்தையைப் பெரிதாக வரைந்தேன்.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை, அக்கா. நீ திட்டினால் வருமோ என்று பார்க்கிறேன்.

கன்ரோகு


ஒன்பதாம் மாதம், இருபத்தெட்டாம் நாள்

சிவப்புப் படத்தைக் கழற்றி அனுப்பு. கிமோனோவையும் அனுப்பு.

ரிகு


பத்தாம் மாதம், இருபதாம் நாள்
எடோ, அசகுசா

அக்காவுக்கு வணக்கம்.

இரண்டும் கிஹெயிடம் இருக்கின்றன. படத்தைக் கழற்ற ஷிகே விடமாட்டாள் என்று நினைத்தேன். உன் கடிதத்தைக் காட்டினேன். அவளே முக்காலி போட்டு ஏறிக் கழற்றினாள். கிமோனோவையும் அவளே மடித்தாள். "அவங்க பெத்தவங்க. அவங்க கேட்டாக் குடுத்துத்தான் ஆகணும்" என்றாள். மூன்று மாதத்தில் என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது.

எட்டாம் மாதத்துக்கு மேல் நான் வரையவில்லை. மீதியைத் தோபெய் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். மடிப்பை ஒரு விரற்கடை மேலே ஏற்றி அவளை வரைந்து பார்த்தேன். கழுத்து சரியாக வந்தது, தோள் சரியாக வந்தது, முகம் யாரோ ஒரு பெண்ணுடையதாக வந்தது. அடுப்பில் போட்டுவிட்டேன். பலகையில் போகாமல் போன முதல் தாள் அதுதான்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானிடம் சொல்லிவிட்டாயா?

கன்ரோகு


பதினோராம் மாதம், பதினாறாம் நாள்
சிச்சிபு மலையூர்

தம்பி கன்ரோகுவுக்கு, அக்கா எழுதுவது.

முதல் பனி விழுந்துவிட்டது. இங்கே இருக்கிறோம்.

அத்தானிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இருபது வருஷத்தில் அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. நான்காம் நாள், "போறப்ப திரும்பிப் பாத்தா, நான் பாத்தேன்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். இனி அந்தச் சண்டை எதற்கு?

நேற்று பதினைந்தாம் நாள். ஊரில் மூன்று பெண்களுக்குக் கச்சை கட்டிக் கோயிலுக்கு அழைத்துப்போனார்கள். நான் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. அவர்கள் போனதும் மூங்கில் இலை போட்டு வெந்நீர் வைத்தேன். "யாருக்கும்மா தண்ணி?" என்று மூத்தவள் பயந்துபோய்க் கேட்டாள். "உன் தங்கச்சிக்கு" என்றேன். கிமோனோவை விரித்து, கழுத்துப் பக்கத்தில் மூன்று கை தெளித்தேன். பிறகு ஊசியை எடுத்துத் தோள் மடிப்பைப் பிரித்தேன். ஒரு விரற்கடை இல்லை, முழுவதும். மடிப்புக்குள் இருந்த துணியில் மட்டும் அழுக்கில்லை, அப்படியே புதுசு. உன் நூலை வைத்துப் பார்த்தேன், எட்டவில்லை. நேற்று அவளுக்குக் கச்சை கட்டியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

கச்சையில் ஒரு சாண் பாக்கி. அது தறியிலேயே நிற்கிறது. அறுத்து எடுத்துவிடட்டுமா என்று நடுவள் கேட்கிறாள்.

உன்னைத் திட்டச் சொல்லியிருந்தாய். படகு என்றால் யார் கூப்பிட்டாலும் அவள் போயிருப்பாள், அதற்கு உன்னைத் திட்டமாட்டேன். ஆனால் ஐந்து மாதம் என்னை நெய்ய விட்டாய். தினமும் தறியில் உட்கார்ந்து, இது அவளுக்கு, இது அவளுக்கு என்று நாடா போட்டேன். அதை நினைத்தால் உன் கையை உடைக்கவேண்டும்போல் இருக்கிறது. அந்தக் கோபம் எப்போது போகும் என்று எனக்கே தெரியாது. போகிறவரை நீ எழுதிக்கொண்டிரு. அவள் பெயரைச் சொல்லி எழுது. படகில் என்ன பேசினாள், மூக்கை எண்ணும்போது எந்த எண்ணில் தடுமாறினாள், எல்லாம் எழுது. இரண்டு வருஷத்தை நீ பார்த்தாய், நான் பார்க்கவில்லை.

நேற்று மடிப்பைப் பிரித்தபிறகு சிவப்புப் படத்தை ஆற்றில் விட்டோம். கொஞ்ச தூரம் போய்க் கல்லில் தட்டி நின்றது. அத்தான் அந்த முழங்காலோடு தண்ணீரில் இறங்கி, குச்சியால் தள்ளிவிட்டார். உன் பெரிய ஆந்தை கண்ணைத் திறந்துகொண்டே போனது. பாலத்தில் நின்று தேடாதே. தாள் வழியிலேயே கரைந்திருக்கும்.

அம்மை இறங்கிவிட்டது, தம்பி. ஷிகேவிடம் சொல். ஏழாம் மாதம் வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே வாசலில் வெள்ளை விளக்கைக் கட்டுங்கள். கிஹெய் பார்த்தால் பார்க்கட்டும்.

ரிகு